கணவனைச் சேரக் கடல் கடந்தோர்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லும் காரணங்களை வகுத்துரைக்கும் தொல்காப்பியர், அகத்திணையியலில் ஓர் அரிய நூற்பாவை வைத்துள்ளார். கடல் கடந்து செல்லும் செலவில் மகளிரை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்து. அங்கு வரும் முந்நீர் என்னும் சொல்லுக்குக் கடல் என்றே பொருள் கொண்டார் இளம்பூரணர். ஓதல், தூது, பொருள் என மூன்று தன்மைப்பட்ட பிரிவையே அச்சொல் குறிக்கும் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். உரையாசிரியர் இருவரும் சொல்லின் பொருளில் வேறுபட்டாலும், பிரிந்து சென்றவன் தானே மீண்டு வருவான் என்பதில் வேறுபடவில்லை. கார்காலத்துக்குள் வருவேன் என்று தலைவன் சொல்லிச் செல்வதும், அந்தக் காலம் கடந்ததும் தலைவி கலங்குவதும் முல்லைப் பாட்டுகளின் உயிர்நாடி. பட்டினப்பாலைத் தலைவனோ, புகார் நகரத்தையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று போக்கையே தவிர்த்துவிடுகிறான்.

இலக்கியம் கண்ட பிரிவுக்கு இவ்வாறு ஒரு கால எல்லை உண்டு. அந்த எல்லையை வகுப்பவனும் தலைவனே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளியின் பிரிவோ அத்தகையதன்று. அதன் தொடக்கத்தை முதலாளியும், நீளத்தை வறுமையும், முடிவைச் சட்டமும் வகுத்தன. மனைவி கணவனிடம் செல்லப் புறப்பட்டபோது, அவள் மனைவிதான் என்பதையும், இன்னும் மனைவியாகவே இருக்கிறாள் என்பதையும் அரசின் முன் மெய்ப்பிக்க வேண்டியவளானாள். தமிழரின் புலம்பெயர்வு வரலாற்றை எழுதுவோர் கப்பல்களையும் கங்காணிகளையும் கூலியையும் விரித்துரைத்த அளவுக்கு இதனை விரித்துரைக்கவில்லை.

நாற்சந்தியும் தோட்டங்களும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதிக்குச் செபராங் பிறை என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அது வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்டது. 1786இல் பினாங்குத் தீவைக் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1800இல் எதிர்க்கரையிலுள்ள இந்நிலத்தையும் பெற்றது. இதன் தென்பகுதியில் உள்ள சிற்றூரே சிம்பாங் அம்பாட். மலாய் மொழியில் அப்பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். இருப்புப்பாதை செல்லும் ஊர் அது. மேற்கே பத்து காவானும் புக்கிட் தம்புனும், தெற்கே நிபோங் திபாலும் உள்ளன.

தமிழர் மலாயாவின் தோட்டங்களில் கூட்டமாகக் குடியேறிய முதல் நிலங்களுள் இப்பகுதியும் ஒன்று. ரப்பர் மரம் மலாயாவில் பரவுவதற்கு நெடுநாள் முன்னரே, 1840ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் இங்குக் கரும்புத் தோட்டங்களைத் திறந்தனர். பத்து காவான் பக்கத்தில் சீனரும் கரும்பு பயிரிட்டனர். ஐரோப்பியரின் தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் உழவுத் தொழிலாளரே அவர்களுள் பெரும்பான்மையர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு வீழ்ந்து ரப்பர் எழுந்தது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை.

பெண்கள் ஏன் வரவில்லை

மொரிசியசு, நேத்தால், மேற்கிந்தியத் தீவுகள் முதலிய கரும்பு நாடுகளுக்கு ஒப்பந்த ஆட்களை ஏற்றும்போது, நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் செல்ல வேண்டும் என்னும் வரையறை நாளடைவில் நிலைபெற்றது. அவ்வரையறை கருணையால் மட்டும் பிறந்ததன்று. ஆண்கள் மட்டும் வாழும் குடியிருப்புகளில் நிகழ்ந்த கொலைகளும் சீர்கேடுகளும் அரசை அவ்வாறு செய்யத் தூண்டின. மலாயாவுக்கோ இவ்வரையறை பொருந்தவில்லை. நீரிணைக் குடியேற்றங்களுக்குச் செல்வது குறுகிய கடற்பயணம், பழகிய வணிக வழி என்று கருதி, 1872இல் இந்திய அரசு அவற்றைக் குடியகல்வுச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. அண்மை நாடு என்பதனாலேயே மனைவியர் பின்தங்கினர் என்பது வியப்பான முரண்.

முதலாளிக்கு வேண்டியது வலிய கை, குடும்பமன்று. ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கே உரியது. கூலியோ தனி ஆள் ஒருவனின் வயிற்றைக் கணக்கிட்டு வகுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்த முறை மலாயாவில் முடிவுக்கு வந்து, கங்காணி முறை ஓங்கியது. 1907இல் நிறுவப்பட்ட இந்தியக் குடிநுழைவு நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய வரியைக் கொண்டு ஆட்களின் பயணச் செலவைத் தாங்கியது. கங்காணி தன் ஊருக்கே சென்று ஆள் திரட்டியதால் சில குடும்பங்கள் ஒன்றாக வந்தன. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள் மூன்று ஆண்களுக்கு இரண்டு பெண்கள் என்ற அளவை வகுத்தன. ஆனால் மலாயாவின் முதலாளிகள் அவ்வளவைக் கடைப்பிடித்தல் இயலாது என்றனர். அதற்கு விலக்கும் பெற்றனர்.

குடிக்கணக்கு இதன் விளைவைக் காட்டுகிறது. 1901இல் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு இருநூறு பெண்கள்கூட இல்லை. 1931இல் அவ்வெண் ஐந்நூற்றை நெருங்கியது. 1957இல்தான் எழுநூறு அளவை எட்டியது. குறைந்த எண்ணிக்கையினரான பெண்கள் எங்கே இருந்தனர்? அவர்களுள் பலர் காவிரிக் கரையிலும் பாலாற்றங்கரையிலும் கணவனின் மணியார்டரை எதிர்நோக்கி இருந்தனர். மலாயாவின் குடிக்கணக்கிலே தனி ஆண் எனத் தோன்றிய ஒருவன், தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் குடும்பத் தலைவனாக இருந்தான்.

எல்லார்க்கும் நிலை ஒன்றாக இருந்ததென்று கூறுதல் பொருந்தாது. பினாங்கு நகரின் செட்டியார் கிட்டங்கிகளில் இருந்த முகவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்கள் மனைவியர் செட்டிநாட்டில் இருந்தது குடும்ப ஏற்பாடு. திரும்பும் நாள் முன்னரே தெரிந்தது. தமிழ் முசுலிம் வணிகருள் சிலர் மலாய்ப் பெண்களை மணந்து இங்கேயே நிலைத்தனர்; அவர்கள் வழி வந்தவர்களே ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். தோட்டத் தொழிலாளிக்கோ திரும்பும் நாளும் உறுதியில்லை. நிலைத்து வாழும் வசதியும் இல்லை. 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளில் தரக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என இருந்தது. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் அதுவும் சரிந்தது. இவ்வருவாயில் ஊருக்கும் அனுப்பி, மனைவியை அழைக்கப் பணமும் சேர்ப்பது எளிதன்று.

அடைபட்ட வழிகள்

சீனரின் வரலாறு இங்கே ஒப்புநோக்கத் தக்கது. 1930இலும் 1933இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் சீன ஆண்களின் வருகைக்கு அளவு விதித்தன. பெண்களுக்கு 1938 வரை அளவு விதிக்கவில்லை. கப்பல் கம்பெனிகள் கட்டுப்பாடற்ற பெண் பயணிகளை மிகுதியாக ஏற்றின. சில ஆண்டுகளிலேயே மலாயாச் சீனரின் ஆண்பெண் விகிதம் திருந்தத் தொடங்கியது. குடும்பம் அமைக்க வேண்டும் என்று அச்சட்டத்தை இயற்றியோர் எண்ணவில்லை. திறந்திருந்த ஒரு கதவு அவ்வேலையைச் செய்தது. பிரிட்டிஷ் குடிகளாகிய இந்தியருக்கு அக்காலத்தில் கதவு முழுவதுமே திறந்திருந்தது. ஆயினும் கப்பற்கூலியும் கைக்கூலியும் தடையாக நின்றன. சட்டம் இடங்கொடுத்தபோது பணம் இல்லை. பணம் ஓரளவு சேர்ந்தபோது சட்டம் இடங்கொடுக்கவில்லை. மலாயாத் தமிழ்க் குடும்பத்தின் துயரம் இவ்விரண்டுக்கும் நடுவே பிறந்தது.

1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணி முறையை நிறுத்துமாறு தம் அறிக்கையில் கூறினார். கூலிக் குறைப்பைப் பற்றிய பூசல் முற்றவே, 1938 சூன் 15 முதல் உதவி பெற்றுச் செல்லும் கூலியாட்களின் குடியகல்வை இந்திய அரசு தடை செய்தது. தொழிலாளரைக் காக்கும் நோக்கத்துடன் எழுந்த அந்நடவடிக்கை நியாயமானதே. எனினும், குடிநுழைவு நிதியின் செலவில் மலாயாவுக்குக் கப்பலேறும் காலம் அதனுடன் முடிந்தது. மூன்றே ஆண்டுகளில் போர் வந்தது. 1941 டிசம்பரில் சப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசி அதனைக் கைப்பற்றினர். 1945 வரை கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணமும் செல்லவில்லை. சயாம் மரண இருப்புப்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. தன் கணவன் உயிருடன் உள்ளானா என்பதையே அறியாமல் அந்த ஆண்டுகளைக் கழித்த மனைவியர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பலர்.

போருக்குப் பின் ரஜூலா முதலிய கப்பல்கள் மீண்டும் ஓடின. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்காம், சிங்கப்பூர் என்னும் துறைகளை இணைத்து, 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை தமிழரை ஏற்றியிறக்கியது. மேல்தட்டுப் பயணிக்கு நாகையிலிருந்து பினாங்கு ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அம்மை குத்திய சான்று வேண்டும். தொற்றுநோய் ஐயம் எழுந்தால் பினாங்கின் கரைக்கு எதிரேயுள்ள ஜெரெஜாக் தீவில் தங்கியிருந்த பின்னரே ஊருக்குள் வரலாம். கணவனைக் காண வந்த பெண் முதலில் கண்ட மலாய் மண் அத்தீவின் மண்ணாகவும் இருக்கக்கூடும்.

ஐந்தாண்டுக் கணக்கு

1952ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுமுதல் இந்தியரும் எண்ணிப்பார்த்தே உள்ளே விடப்பட்டனர். நாட்டின் பொருளாதாரத்துக்குப் பயன்படுவோர், மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத ஊதியத்துக்கு உறுதி பெற்றோர் முதலியோர்க்கு வழி இருந்தது. அந்த ஊதியம் பால்மரத் தொழிலாளிக்கு எட்டாத உயரம். ஆனால் மலாயாவில் வாழ்வோரின் மனைவியருக்கும் இளம் பிள்ளைகளுக்கும் சட்டம் தனிச் சலுகை அளித்தது. குடும்பம் என்பது ஒரு நுழைவாயில் என்று அது ஏற்றுக்கொண்டது.

விடுதலைக்குப் பின் அச்சலுகை சுருங்கியது. 1959ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மலாயாக் குடிமக்களின் வேலை வாய்ப்பைக் காப்பதும், ஒன்றிக் கலந்த சமநிலையுள்ள மக்கள் தொகையை உருவாக்குவதும் தன் நோக்கம் என்றது. புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு இவ்வாறு கருதியதில் வியப்பில்லை. தன் நாட்டில் வாழ்வோர் யார் என்று முடிவு செய்யும் உரிமையை நெடுங்காலம் பிறர் கையில் விட்டிருந்த நாடு அது. ஆயினும் அச்சட்டத்தின் ஒரு கூறு தமிழ்க் குடும்பங்களைச் சுட்டது. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு மலாயாவில் நுழையும் உரிமை இல்லையாயிற்று.

இவ்விதியில் இரண்டு செய்திகள் கருதத் தக்கவை. முதலாவது, சட்டம் 1959இல் பிறந்தது. அதன் கணக்கோ 1954இலேயே தொடங்கிவிட்டது. ஐந்தாண்டுக் கெடு உண்டு என்று எவரும் அறியாத காலத்திலேயே அக்கெடுவின் பெரும்பகுதி ஓடி முடிந்திருந்தது. இரண்டாவது, பிரிந்து வாழ்தல் என்பதைச் சட்டம் உறவு தளர்ந்ததற்கு அடையாளமாகக் கொண்டது. தொழிலாளியின் வாழ்விலோ பிரிந்து வாழ்தல் உறவைத் தாங்கும் வழியாகவே இருந்தது.

எடுத்துக்காட்டாக அக்காலத் தொழிலாளி ஒருவனின் வாழ்க்கையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவன் 1937இல் இருபது வயதில் கங்காணியுடன் செபராங் பிறைக்கு வருகிறான். போர்க்காலம் கழிந்து 1948இல்தான் முதன்முறையாக ஊர் செல்ல முடிகிறது. அங்கே மணம் முடித்து, ஆறு திங்கள் தங்கி, முதிய பெற்றோரைக் காக்க மனைவியை விட்டுவிட்டு மீள்கிறான். மீண்டும் 1954இன் தொடக்கத்தில் விடுப்பில் சென்று அவ்வாண்டின் நடுவில் திரும்புகிறான். பின்னர் ஒரு பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வருகிறது. மாதந்தோறும் மணியார்டர் செல்கிறது. பெற்றோர் காலமானபின் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள எண்ணி, 1960இல் மனு எழுதுகிறான். இருபத்துமூன்று ஆண்டு உழைப்பில் அவன் மனைவியோடு வாழ்ந்தது ஓராண்டு அளவே. சட்டத்தின் கணக்குப்படி ஐந்தாண்டு கடந்துவிட்டது, கதவு மூடிவிட்டது. மாதந்தோறும் பணம் அனுப்பிய சீட்டுகள் அவன் பெட்டியில் கட்டாக இருந்தாலும், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்களா என்பதே கேள்வியாயிற்று. அவனைத் தனியனாக வேண்டி அழைத்தது ஒரு காலத்து ஆட்சி. தனியனாக வாழ்ந்தான் என்பதையே காரணம் காட்டி மனைவியைத் தடுத்தது மற்றொரு காலத்துச் சட்டம். இரண்டுக்கும் இடையே அவன் செய்த பிழை யாது என்று கேட்டால், விடை கிடைப்பது அரிது.

தாலியும் தாளும்

மனைவி என்பதை மெய்ப்பித்தலும் ஒரு தனித் துன்பமாக இருந்தது. சிற்றூர்த் திருமணத்துக்கு ஊரே சான்று, தாலியே பத்திரம். பதிவேட்டில் எழுதும் வழக்கம் மிகச் சிலரிடமே இருந்தது. மலேசியாவில் முசுலிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற நிலை, 1976இல் இயற்றப்பட்ட திருமணச் சட்டம் 1982 மார்ச்சு 1இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஏற்பட்டது. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் நடந்த மணமும் செல்லும். ஆனால் கடல் கடக்கும் பெண்ணிடம் அதிகாரி கேட்பது தாளைத்தானே. சீர்திருத்த மணம் செய்தோர் நிலை இன்னும் இடர்ப்பட்டது. புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டமே அவற்றைச் செல்லுபடியாக்கியது. ஒரு பெண்ணின் கழுத்தில் மாலை விழுந்த முறை எதுவோ, அதைப் பொறுத்து அவள் மனைவி என்னும் பெயரும் ஐயத்துக்கு உள்ளாகும் காலம் அது.

இத்தகைய ஐயம் ஒரு போராட்டத்துக்கே வித்திட்ட வரலாறும் தமிழர்க்கு உண்டு. 1913 மார்ச்சு 14இல் தென்னாப்பிரிக்காவின் கேப் உயர்நீதிமன்ற நடுவர் சியர்ல், கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவு செய்யப்படாத திருமணங்களை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். அவ்வழக்கு, கணவனைச் சேர இந்தியாவிலிருந்து வந்த ஒரு முசுலிம் பெண்ணை உள்ளே விடலாமா என்பது பற்றியதே. ஒரே தீர்ப்பால் இந்து, முசுலிம், பார்சி மனைவியர் யாவரும் அந்நாட்டில் மனைவி என்னும் நிலையை இழந்தனர். காந்தியடிகள் அதுவரை பெண்களைச் சிறைப் போராட்டத்துக்கு அழைக்கவில்லை. இத்தீர்ப்புக்குப் பின் அழைத்தார். தால்ஸ்தாய்ப் பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்களின் குழு எல்லையைக் கடந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் சென்றது. அக்குழுவினருள் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினாறு. அவ்வாண்டிலேயே நிறைவேறிய இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் ஒருமனைவித் திருமணங்களை ஏற்றது. மூன்று பவுன் தலைவரியையும் நீக்கியது. அப்போராட்டத்தைத் தலைவரி எதிர்ப்பாக மட்டும் பாடநூல்கள் சொல்லிச் செல்வதுண்டு. மனைவி மனைவியாக ஏற்கப்பட வேண்டும் என்பதும் அதன் கோரிக்கையே என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

சிவப்புக் கார்டும் திரும்பிய கப்பலும்

மலாயாவில் அத்தகைய போராட்டம் எழவில்லை. குடியுரிமை பெற்றோர் நீலக் கார்டும், பெறாதோர் சிவப்புக் கார்டும் உடையோராயினர். விண்ணப்பத் தாளை நிரப்புவதிலும் பிறப்புச் சான்று தேடுவதிலும் தோட்டத் தொழிலாளர் பலர் காலத்தைத் தவறவிட்டனர். 1969 மே கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, இந்தியர் பல்லாயிரவர் கப்பலேறினர். பினாங்குத் துறையில் அப்போது கண்ட காட்சி பழைய காட்சியின் தலைகீழ்ப் படிவம். முன்பு கணவன் இங்கும் மனைவி அங்கும் இருந்தனர். இப்போது இங்கே பிறந்த மனைவியும் மக்களும் கரையில் நிற்க, சிவப்புக் கார்டுக் கணவன் மட்டும் கப்பலேற வேண்டிய நிலையும் நேர்ந்தது. உடன் சென்றால் பிள்ளைகள் அறியாத நாட்டுக்குச் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் குடும்பம் உடையும்.

இன்று மாறியதும் மாறாததும்

1959ஆம் ஆண்டின் சட்டம் 1963இன் மாற்றங்களோடு இன்றும் மலேசியக் குடிநுழைவின் அடிப்படைச் சட்டமாக விளங்குகிறது. செபராங் பிறையின் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. 2014 மார்ச்சு 1இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலம் பத்து காவானில் கரையேறுகிறது. பால்மரம் நின்ற நிலத்தில் ஆலை நிற்கிறது. ஒரு வாரக் கடற்பயணம் நான்கு மணி நேர வான்பயணமாயிற்று. ஆனால் கடல் சுருங்கிய அளவுக்கு அலுவலக மேசை சுருங்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கைத்துணையை அழைத்துவரும் மலேசியத் தமிழர்க்கு நீண்டகால வருகை அனுமதியே முதற்படி. அதனைக் குறித்த காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பிணைப்பணம் கட்ட வேண்டும். இருவரும் நேரில் வர வேண்டும். ஊதியத்துக்கு வேலை செய்ய வேறோர் இசைவு தேவைப்பட்டதால், படித்த மனைவியரும் கணவரும் நெடுநாள் வீட்டில் இருந்தனர். அத்தகைய அனுமதியில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பின்னரே நிரந்தர வசிப்புரிமை கோரலாம். 1959இல் ஐந்தாண்டுப் பிரிவு மனைவியைத் தடுத்தது. பின்வந்த காலத்தில் ஐந்தாண்டுச் சேர்க்கை அவளைச் சோதித்தது. எண் ஒன்றே; நோக்கு மாறியது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடும் நீடித்தது. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குடிமகன் ஒருவனின் வெளிநாட்டு மனைவி பதிவு முறையில் குடியுரிமை கோர வழி செய்கிறது. குடிமகள் ஒருத்தியின் வெளிநாட்டுக் கணவனுக்கு அத்தகைய வழியை அது வகுக்கவில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழிக் குடியுரிமை இருந்தது போலத் தாய்வழிக் குடியுரிமை இல்லை. மலேசியத் தாய்மார் சிலர் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பர் 9இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தாய்மார்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதனை மாற்றியது. பின்னர் 2024 அக்டோபர் 17இல் மக்களவை அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றித் தாய்வழி உரிமையை ஏற்றது. முன்னரே பிறந்த பிள்ளைகள் அத்திருத்தத்தின் நிழலில் வரவில்லை. இங்கும் நாள் என்னும் கோடு ஒன்றே இரு பிள்ளைகளின் தலையெழுத்தைப் பிரித்தது.

சமநிலை வருவதனால் மட்டும் நன்மை வந்துவிடாது என்பதற்கும் உலக வரலாற்றில் சான்று உண்டு. பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள், மனைவியரை எளிதில் உள்ளே விடும் அரசு தங்கள் கணவரைத் தடுப்பது முறையா என வழக்காடினர். 1985 மே 28இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாலின வேறுபாடே என்று தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் அரசு கணவர்க்கு வழியை அகலப்படுத்தவில்லை. மனைவியர்க்கும் வழியைக் குறுக்கி இருபாலாரையும் ஒரே அளவில் நிறுத்தியது. சட்டத்தின்முன் சமம் என்பது இருவர்க்கும் திறந்த கதவாகவும் இருக்கலாம். இருவர்க்கும் மூடிய கதவாகவும் இருக்கலாம்.

ஒரு நாடு தன் எல்லையைக் காப்பதை எவரும் குறைகூற இயலாது. பொய்த் திருமணங்கள் உண்டு. அவற்றை ஆராய்ந்து தடுக்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு. ஆனால் மலாயாத் தமிழரின் வரலாறு கற்பிக்கும் பாடம் வேறு. குடும்பத்தைப் பிரித்து ஆளைக் கொணர்ந்த கொள்கை, அப்பிரிவின் பொறுப்பைப் பிற்காலத்தில் அந்த ஆளின் தலைமேலேயே சுமத்தியது. வறுமையால் நேர்ந்த பிரிவையும் மனத்தால் நேர்ந்த பிரிவையும் சட்டம் ஒரே எண்ணால் அளந்தது. ஆண்டுகளை எண்ணுவது எளிது. அவை ஏன் கழிந்தன என்று கேட்பதே அரிது. அதைக் கேளாத சட்டம் நேர்மையாக நடத்தப்பட்டாலும் நீதியாகாது.

கார்காலத்துக்குள் வருவேன் என்று சொன்ன சங்கத் தலைவன் காலம் தவறினால், அவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் சொல்லும் பாட்டு ஒன்று எழும். செபராங் பிறையின் லயங்களிலிருந்து எழுந்தவை மனுக்களே. அம்மனுக்களைத் தோட்டத்துக் கிராணியோ தமிழாசிரியரோ எழுதிக் கொடுத்திருப்பர். அவற்றின் படிகள் எந்தக் குடும்பப் பெட்டியிலாவது இன்றும் கிடக்குமாயின், அவற்றைத் தேடித் தொகுத்துக் காத்தல் பினாங்கிலும் தமிழ்நாட்டிலும் உள்ள தமிழாசிரியர்க்கு ஏற்ற பணி. மணியார்டர் சீட்டும், மங்கிய பாஸ்போர்ட்டும், மறுக்கப்பட்ட மனுவின் விடைக் கடிதமும் அக்காலத்துப் பாலைத் திணையின் எஞ்சிய ஏடுகள்.